காற்று அடங்கிய பிறகு வரும் தண்ணீர்

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று செய்தி வந்த உடனே எங்கள் பக்கத்தில் எல்லாரும் கேட்பது காற்று எத்தனை கிலோமீற்றர் வேகத்தில் அடிக்கும் என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான், தகரத்துக்குக் கீழே படுக்கிற சனம் காற்றை விசாரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துக்குக் கீழே, பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை என்று ஆற்றையும் வாய்க்காலையும் அண்டி இருக்கிறவர்கள் அதோடு சேர்த்து இன்னும் இரண்டைக் கேட்க வேண்டும். கனகராயன்குளம், புளியங்குளம், மாங்குளம் பக்கம் எவ்வளவு மழை? குளத்தில் இப்போது எத்தனை அடி? இதற்குப் பதில் தெரிந்தால் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பதில் முக்கால்வாசி தெரிந்த மாதிரி.

கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் தொடங்கி வடக்கு நோக்கி வருகிறது, வந்து இரணைமடுவை நிரப்புகிறது, மிச்சம் எங்கள் வயல்களைத் தாண்டிச் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் விழுகிறது. வருகிற வழியெல்லாம் சின்னக் குளங்கள். ஒன்று நிரம்பி வான் பாய்ந்தால், அதாவது மேலதிக நீர் வழிந்தால், அது அடுத்த குளத்துக்கு, அது அதற்கடுத்த குளத்துக்கு என்று இறங்கிக்கொண்டே வரும். அதனால் எங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்துச் சூரியன் தெரிகிற நேரத்திலும் மேலே பெய்த மழை இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கும். செய்தியில் 100 மில்லிமீற்றர் என்று சொல்வது கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் ஒரு ஏக்கர் நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை என்றால் சுமார் 4 லட்சம் லீற்றர் தண்ணீர். அந்தக் காட்டுப் பரப்பில் எத்தனை ஆயிரம் ஏக்கர் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இரணைமடுவின் கொள்ளளவு 36 அடி. கார்த்திகை முடியும்போதே குளம் நிறைகட்டாக நிற்கிறது என்றால் அடுத்த மழைக்கு அங்கே இடமில்லை, வருகிற தண்ணீரை வருகிற வேகத்திலேயே திறந்துவிட வேண்டியதுதான்.

2018 டிசம்பர் 21, 22ஐ இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அன்று பெயர் வைத்த புயல் எதுவும் எங்கள் மேல் வரவில்லை. மழைதான். விடிந்தபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. இதற்கு மாறாக 2020இல் புரெவி வந்தபோது எல்லாரும் பயந்து ஆயத்தமாக இருந்தோம். டிசம்பர் 2 இரவு அது திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது, பயந்த அளவுக்குக் காற்று அடிக்கவில்லை, சனம் பெருமூச்சு விட்டது. 2025 நவம்பர் 28 டித்வா இந்த நாட்டுக்கு என்ன செய்தது என்று சொல்லத் தேவையில்லை, 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: மூதூர்ப் பக்கம் மாவிலாறு அணைக்கட்டு உடைந்தது நவம்பர் 30ஆம் திகதி, புயல் நாட்டைக் கடந்து கடலுக்குப் போன பிறகு. காற்று அடங்கியதும் எல்லாம் முடிந்தது என்று பாயை விரித்துப் படுப்பதுதான் வன்னியில் மிக ஆபத்தான பழக்கம். என் பக்கத்து வளவு ஐயா ஒவ்வொரு மாரிக்கும் சொல்லுவார், "பிள்ளை, மழை விட்டிட்டெண்டு சும்மா இராதை, குளம் இன்னும் வரேல்லை" என்று. நான் இங்கே எழுதுகிற எல்லாமே அந்த ஒரு வரியைச் சுற்றித்தான்.

சரி, வேலைக்கு வருவோம். எச்சரிக்கை வந்த பிறகு செய்யக்கூடியது கொஞ்சம்தான். பெரும் வேலை ஆவணி, புரட்டாதியில், வெயில் எரிக்கும்போது, மழை என்ற நினைப்பே யாருக்கும் இல்லாதபோது செய்ய வேண்டியது. விதைப்புக்கு வயல் உழுகிற அவசரத்தில் வீட்டை யாரும் பார்ப்பதில்லை, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் கூரை. போருக்குப் பிறகு கட்டிய வீடுகளில் பல, குறிப்பாக 550 சதுர அடி இந்திய வீட்டுத்திட்ட வீடுகள், சுவரிலும் ஓட்டிலும் பரவாயில்லை. பலவீனம் எங்கே இருக்கிறது என்றால் பிறகு நாங்களாகச் சேர்த்ததில். சமையலுக்கென்று பின்பக்கம் இறக்கிய பத்தி, மோட்டார்சைக்கிள் விட முன்னுக்கு இழுத்த தகரம், மீள்குடியேறியபோது கிடைத்த தகரத்தில் இன்னும் நிற்கிற கொட்டில். காற்று கூரையை மேலிருந்து அமுக்கி உடைப்பதில்லை, கீழே புகுந்து மேலே தூக்குகிறது. திறந்த பக்கமுள்ள பத்திக்குள் காற்று புகுந்தால் போக வழியில்லாமல் தகரத்தைக் கழற்றும், அந்தத் தகரம் முதலில் போய் வெட்டுவது பக்கத்து வீட்டுக்காரரைத்தான். ஆகவே ஆணி அடித்த தகரமாக இருந்தால் ஆணி துருப்பிடித்து ஓட்டை பெருத்திருக்கிறதா என்று ஏறிப் பார்க்க வேண்டும், முடிந்தால் றப்பர் வளையம் வைத்த திருகாணியாக மாற்ற வேண்டும், ஓரங்களிலும் முகட்டிலும் நெருக்கமாக அடிக்க வேண்டும், ஏனென்றால் காற்று பிடித்துத் தூக்கத் தொடங்குவது ஓரத்தில்தான். பிறகு கைமரத்தை வளையோடும் வளையைக் கப்போடும், அதாவது நட்ட தூணோடும், தடித்த கம்பியால் முறுக்கிக் கட்ட வேண்டும். ஆணி தனியாக நிற்காது.

கூரைக்கு மேலே கல், செங்கல், பழைய ரயர் தூக்கிப் போடுகிற பழக்கம் எங்கும் இருக்கிறது. சாதாரண மாரிக் காற்றுக்கு அது போதும். புயல் காற்றில் அந்தக் கல்லே பறந்து வந்து ஆளைக் கொல்லும். யூரியா பைகளில் மணலை நிரப்பி, இரண்டிரண்டாகக் கயிற்றால் பிணைத்து, முகட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகத் தொங்கும்படி போடுங்கள். அதுகூடக் கொட்டிலைக் காப்பாற்றத்தான், கொட்டிலுக்குள் இருக்கிற ஆட்களைக் காப்பாற்ற அல்ல. தகரக் கொட்டிலில் இருப்பவர்கள் காற்றுக்கு முன்னரே பள்ளிக்கூடத்துக்கோ பொதுநோக்கு மண்டபத்துக்கோ கல் வீடுள்ள சொந்தக்காரரிடமோ போய்விட வேண்டும், இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மரங்களில் முருங்கையை நம்பக்கூடாது, கொஞ்சக் காற்றுக்கே கிளை முறியும், எப்படியும் திரும்பத் தழைக்கும் மரம்தானே, வெட்டிவிடலாம். பப்பாசியும் அப்படித்தான். வேம்பை முழுவதும் தறிக்க வேண்டாம், கூரைப்பக்கம் சாய்ந்த கொப்புகளை மட்டும் எடுத்தால் காற்று ஊடே போகும். தென்னையில் காய்ந்த மட்டையும் முற்றிய தேங்காயும், பனையில் காவோலையும் ஏறுகிற ஒருவரைப் பிடித்து ஐப்பசிக்குள் இறக்கிவிட வேண்டும். கரண்ட் வயருக்குக் கிட்ட நிற்கிற மரத்தில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள், மின்சார சபை ஆட்களுக்கு அறிவித்து அவர்கள் வந்து வெட்டட்டும்.

காற்றைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருந்து புயல் எங்களை நோக்கி வரும்போது காற்று முதலில் வாடைப் பக்கமிருந்து, அதாவது வடக்கு வடகிழக்கிலிருந்து அடிக்கும். மையம் எங்களைத் தாண்டி மேற்கே மன்னார்ப் பக்கம் போன பிறகு காற்று திரும்பித் தெற்கிலிருந்து அடிக்கும். மையம் நேரே மேலால் போனால் நடுவில் கொஞ்ச நேரம் அமைதி. அந்த அமைதியில் ஆட்கள் தகரம் பொறுக்கவும் மாட்டைப் பார்க்கவும் வெளியே போவார்கள், அப்போதுதான் மறுபக்கக் காற்று வரும், முதல் காற்றில் அரைவாசி அசைந்து நிற்கிற மரமெல்லாம் இப்போது எதிர்ப்பக்கம் விழும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அதற்கு முதல் இந்த வடபகுதியைக் கடந்துதான் போனது. அதைக் கண்ட வயதானவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள், காற்று திரும்பியதைத்தான் சொல்லுவார்கள். உள்ளே இருக்கும்போது ஜன்னல் இல்லாத, அல்லது ஜன்னல் சின்னதான நடு அறைதான் நல்லது. கொங்கிறீற் தட்டுப் போட்ட குளியலறை வீட்டோடு சேர்ந்திருந்தால் அதுவே எல்லாவற்றிலும் பலமான இடம்.

இனித் தண்ணீர். போன வெள்ளம் உங்கள் வீட்டுச் சுவரில் எவ்வளவுக்கு நின்றது என்று அடையாளம் இருக்கும், பெயின்ற் அடித்து அதை மறைக்காதீர்கள். அந்தக் கோட்டுக்கு இரண்டு அடி மேலேதான் எதையும் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அறையின் ஒரு பக்கம் சுவரோடு சுவராகப் பலகைப் பரண் ஒன்று அடித்திருக்கிறோம், வருடம் முழுக்க அதில் பாயும் தலையணையும் கிடக்கும், மாரியில் அதில் விதைநெல்லும் சாப்பாட்டு நெல்லும் ஏறும். கட்டிலில் அடுக்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம், கட்டில் மிதக்கும். காஸ் சிலிண்டரும் மிதக்கும், அதன் வால்வைப் பூட்டி, அடுப்புக்குப் போகும் குழாயைக் கழற்றி, சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு நிமிர்த்திக் கட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் மேலே ஏற வேண்டியது நெல் அல்ல, மருந்து. வயலுக்கு அடிக்கிற களைநாசினி, பூச்சி மருந்துப் போத்தல்கள் அநேகமான வீட்டில் கொட்டிலின் மூலையில் நிலத்தில்தான் இருக்கும், பாதி திறந்தபடி. வெள்ளம் வந்தால் அது நேரே கிணற்றுக்குள் போகும், வெள்ளம் வற்றின பிறகு அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைகள் குடிக்கும். ஒரு வாளியில் போட்டு மூடி, கொட்டில் வளையில் கட்டித் தொங்கவிட ஐந்து நிமிடம் போதும். உரப்பையும் அப்படித்தான். இதை மட்டும் தயவுசெய்து செய்யுங்கள், மற்றது எதுவும் செய்ய நேரமில்லாவிட்டாலும்.

கிணறு பற்றி இரண்டு விஷயம். வளவுக் கிணற்றில் மோட்டர் இருந்தால் கழற்றி உயர வைத்துவிட்டு, வாயைத் தகரமோ பலகையோ போட்டுப் படங்கால் மூடிச் சுற்றிக் கட்டலாம், வெள்ளம் கட்டுக்கு மேலே போனால் இது தடுக்காது, ஆனால் குப்பையும் செத்த கோழியும் உள்ளே விழாமல் காக்கும். இரண்டாவது, தோட்டக் கிணறுகள். வன்னியில் கட்டில்லாத கிணறு எத்தனை, பழைய பங்கர்க் கிடங்கு எத்தனை. வெள்ளம் மூடினால் எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும், முழங்கால் தண்ணீர் என்று நடந்து போகிற ஆள் அப்படியே உள்ளே போய்விடுவார். நான்கு பக்கமும் உயரமான தடி நட்டு, கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிடுங்கள். இது உங்கள் வீட்டாருக்கு மட்டுமில்லை, இரவில் உங்கள் வளவுக்குள்ளால் ஓடி வருகிற அயலாருக்கும் சேர்த்து.

குடிதண்ணீருக்குக் கணக்கு: ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 4 லீற்றர், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 60 லீற்றர். கான்களில் நிரப்பிப் பரணில் ஏற்றுங்கள். தண்ணித் தாங்கியையும் நிரப்புங்கள், நிரம்பிய தாங்கியைக் காற்று எடுத்துப் போகாது. சாப்பாட்டுக்கு வறுத்த அரிசிமா, பருப்பு, டின் மீன், விஸ்கட், சீனி, தேயிலை, பால்மா, பேரீச்சம்பழம், வீட்டில் இருந்தால் புழுக்கொடியல். விறகை முதல் வாரமே உள்ளே எடுத்து வைக்க வேண்டும், ஈர விறகில் புகைதான் வரும். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பக்கெற் சில வாங்கி வையுங்கள், கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும்.

பத்திரங்கள். இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. எங்கள் சனத்துக்குப் பை கட்டத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோது தருமபுரம், விசுவமடுப் பக்கம் தறப்பாள் கொட்டில்களில் போரில் இடம்பெயர்ந்த சனம் நிறைந்திருந்தது, அடுப்புக்குள் தண்ணீர் நின்றது, அப்போதும் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் பொலித்தீனில் சுற்றி இடுப்பிலோ நெஞ்சிலோதான் இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததில் அந்தப் பையையும் தொலைத்தவர்கள் ஒரு பிரதி எடுக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை, காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாமல் சொந்தக் காணிக்கு வழக்காடியவர்கள் இருக்கிறார்கள். அதனால் அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், காணிப் பத்திரம், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், இறந்தவர்களின் படங்கள், எல்லாம் தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்று, மேலே கட்டு, ஒரு முதுகுப் பையில். இப்போது ஒரு வசதி உண்டு, எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிற ஒரு பிள்ளைக்கு அனுப்பி வைக்கலாம். இறந்தவர்களின் படங்களையும் அனுப்புங்கள். அரிசி திரும்ப வாங்கலாம், அந்தப் படத்தை எங்கே வாங்குவது.

ஆட்களைப் பற்றி. கர்ப்பிணிகள், நாள் கிட்டியவர்கள், காற்று வரும்வரை வீட்டில் காத்திருக்கக் கூடாது, குடும்பநல மாதுவிடம் கேட்டு முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கோ ரவுணில் இருக்கிற உறவினரிடமோ போய்விட வேண்டும். சிறுநீரக நோயாளிகள் எங்கள் பக்கமும் வவுனியாப் பக்கமும் நிறையப் பேர், இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர்களுக்கு ஒரு முறை தவறினாலே ஆபத்து, பாதை மூட முதலே கிட்டப் போய்த் தங்குவதுதான் ஒரே வழி. பிறசர், சலரோகக் குளிசைகள் இரண்டு கிழமைக்குக் கையில் இருக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் கரண்ட் போனால் பயப்படத் தேவையில்லை, ஈர மணல் நிரப்பிய பெரிய முட்டிக்குள் சின்ன முட்டி ஒன்றை வைத்து, அதற்குள் மருந்தை நனையாமல் வைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் விட்டால் சில நாளைக்குத் தாங்கும்.

வயதானவர்கள் வீட்டை விட்டு வரமாட்டோம் என்பார்கள். என் அம்மாவும் அப்படித்தான், "நான் இனி ஒரு இடமும் வரேல்லை, எத்தினை இடம்பெயர்வு பாத்தாச்சு, நீங்கள் போங்கோ" என்பார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும், அதனால் கோபப்படவும் முடியாது. கடைசி நேரத்தில் இழுத்துக்கொண்டு ஓடுவதுதான் அவர்களுக்குப் பழைய நாட்களைத் திரும்பக் கொண்டு வருகிறது. அம்மாவைப் பகலில், மழை தொடங்க முதல், மேட்டில் இருக்கிற சித்தி வீட்டுக்கு ரெண்டு நாள் இருந்துவிட்டு வருவோம் என்று கூட்டிப்போவோம், தன்னுடைய வெற்றிலைத் தட்டத்தோடு ஓட்டோவில் ஏறிப் போவார். இடம்பெயர்வு வேறு, விருந்துக்குப் போவது வேறு. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் அப்படி ஒரு வீடு எது என்று இப்போதே பேசி வையுங்கள்.

மாடுகள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் எங்கள் கரையைத் தொடவேயில்லை, தமிழ்நாட்டில் மாமல்லபுரம் பக்கம்தான் கரையேறியது. இங்கே வந்தது குளிரும் தூறலும் காற்றும் மட்டும். அதில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. வெள்ளத்தில் அடிபட்டு அல்ல, நனைந்த உடம்பில் குளிர்காற்று அடித்து, நின்ற இடத்திலேயே விறைத்து. காலபோகம் தொடங்கி வயலெல்லாம் விதைத்த பிறகு மாட்டுக்கு மேய இடமில்லாமல் மெலிந்து நிற்கிற காலம் இது, மெலிந்த மாடு குளிரைத் தாங்காது. ஆகவே பட்டியின் வடக்கு, கிழக்குப் பக்கத்தைக் கிடுகாலோ படங்காலோ மறையுங்கள், கூரை இல்லாவிட்டாலும் காற்றுத் தடுப்பு இருந்தால் பாதி பிழைக்கும். வைக்கோலை மேடையில் ஏற்றி மூடி வைத்து, மழை நாட்களில் வழக்கத்தைவிடக் கூடக் கொடுங்கள், வயிறு நிறைந்த மாட்டுக்கு உடம்புக்குள் சூடு இருக்கும். கன்றுகளையும் கன்றீன்ற மாடுகளையும் தனியாக உள்ளே எடுங்கள், கன்றுகளின் மேல் சாக்குப் போர்த்திக் கட்டுங்கள். வெள்ளம் வரும் என்று தெரிந்தால் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும், கட்டிய மாடு கட்டையோடு சாகும், அவிழ்த்த மாடு மேட்டைத் தேடிப் போகும். காதிலோ உடம்பிலோ குறி இருக்கிறதா என்று முன்பே பார்த்துப் படமெடுத்து வைத்தால் பிறகு யாருடைய மாடு என்ற சண்டை இல்லை. ஆட்டுக்குப் பரண், கோழிக்கூட்டைத் தூக்கி மேலே வையுங்கள்.

கரையோரத்தில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித்தர எதுவுமில்லை, முல்லைத்தீவிலும் கொக்கிளாயிலும் வள்ளத்தை எவ்வளவு மேலே இழுக்க வேண்டும், எஞ்சினை எப்போது கழற்ற வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும், நந்திக்கடல் நீரேரி நிரம்பினால் அதைக் கடக்கிற வட்டுவாகல் பாலத்தை நம்பிப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள், கடக்க வேண்டியிருந்தால் முதலே கடந்துவிடுங்கள்.

கரண்ட் போகும், அதோடு போனும் போகும். டித்வா நேரத்தில் வடக்கில் பல இடங்களில் தொடர்பே இல்லாமல் சனம் தவித்தது. பவர் பாங்கை நிரப்பி வைப்பது நல்லதுதான், ஆனால் கோபுரமே வேலை செய்யாவிட்டால் அதனால் என்ன பயன், ஆகவே பற்றரியில் ஓடுகிற ஒரு சின்ன ரேடியோ ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒன்றாவது இருக்க வேண்டும். வீட்டில் எல்லாரும் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று வாயால் பேசி முடிவெடுத்து வையுங்கள். 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், இவற்றையும் கிராம அலுவலரின் இலக்கத்தையும் சுவரில் பெரிதாக எழுதலாம். தண்ணீர் வாசற்படியைத் தொட முதல் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும், தண்ணீருக்குள் நின்றுகொண்டு அதில் கை வைக்கக் கூடாது.

குளத்தின் வான்கதவு திறப்பதைப் பற்றி வட்ஸ்அப்பில் வருகிற குரல் பதிவுகளை நம்பி யாரும் இரவில் பிள்ளைகளோடு ரோட்டில் இறங்காதீர்கள். குளம் உடைந்துவிட்டது என்று எங்கோ யாரோ பேசியது ஒரு மணித்தியாலத்தில் எல்லார் போனிலும் இருக்கும். உங்கள் கமக்கார அமைப்பில் குளக்கட்டில் நிற்கிற ஒருவரின் இலக்கம் வைத்திருங்கள், அவர் நேரில் பார்த்ததைச் சொல்லுவார். எத்தனை கதவு, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம், மேலே இன்னும் வரத்து இருக்கிறதா, இந்த மூன்றையும் கேளுங்கள். கதவு ஆறு அங்குலம் திறப்பதும் இரண்டு அடி திறப்பதும் ஒன்றல்ல. வரத்துக் கூடுகிறது, குளம் நிறைகட்டு என்றால் பகல் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள், அறிவிப்பு வாகனம் வரும்வரை நிற்க வேண்டாம். கணுக்காலுக்குச் சற்று மேலே ஓடுகிற வேகமான தண்ணீரே பெரிய ஆளைச் சாய்த்துவிடும், மோட்டார்சைக்கிளில் மதகைக் கடக்கலாம் என்று பார்க்கிற இளம் பொடியன்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வான் பாய்கிற இடத்தில் மீன் பிடிக்கப் போவதும் வெள்ளம் பார்க்கப் போவதும் அப்படித்தான், மழை விட்ட சந்தோஷத்தில் போன பிள்ளைகளைத்தான் ஒவ்வொரு மாரியும் பறிகொடுக்கிறோம்.

திரும்பி வீட்டுக்கு வரும்போது கையில் தடி, காலில் பூட்ஸ். புடையன் பாம்பு காய்ந்த இடம் தேடி வீட்டுக்குள் வந்து பாய்க்குக் கீழேயும் நெல் மூட்டைக்குப் பின்னாலும் சுருண்டு கிடக்கும். கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், ஆளை நடக்க விடாமல் நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அதைவிட வன்னிக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. வெள்ளம் மண்ணை அரித்து, புதைந்து கிடந்த மிதிவெடியையும் வெடிக்காத குண்டையும் வெளியே கொண்டு வரும், துப்புரவு செய்த காணிக்குள்ளும் கொண்டு வந்து போடும். துருப்பிடித்த இரும்பு எதுவானாலும் கிட்டப் போகாமல், வந்த கால்தடத்திலேயே திரும்பிப் போய்ப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்ல வேண்டும். இரும்பு பொறுக்கி விற்கிற பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம்.

கிணற்றை இறைத்து, சுத்தம் செய்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரீன் போடும்வரை அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது, குமிழி விட்டுக் கொதிக்க வேண்டும், சுட்டால் போதாது. வயலுக்குள் இறங்க முதல் எலிக்காய்ச்சலுக்கான குளிசையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு வாங்குங்கள், 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சல் வந்து இறந்தவர்களுக்கு இருந்தது இந்த நோய்தான். காலில் வெட்டுக்காயம் இருந்தால் காயம் ஆறும்வரை சேற்றில் இறங்கவே வேண்டாம். காய்ச்சல், தசைநோவு, கண் சிவப்பு என்றால் பனடோலோடு படுத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், வயலில் தண்ணீருக்குள் நின்றதை வைத்தியரிடம் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பயிரைப் பார்க்கப் போகும்போது வரம்பை வெட்டி நீரை வடியவிட முதல், தண்ணீர் நிற்கிறபடியே நான்கு மூலையிலும் நின்று படமெடுங்கள், ஏதாவது ஒரு படத்திலாவது கப்போ மரமோ தெரிந்து எந்த வயல் என்று விளங்க வேண்டும். திகதி எழுதி, எத்தனை ஏக்கர், எந்த நெல், எப்போது விதைத்தது என்ற விபரத்தோடு கமநல சேவை நிலையத்தில் பதியுங்கள், பதிந்ததற்கு எழுத்தில் ஏதாவது வாங்குங்கள். மாடு செத்திருந்தால் புதைக்க முதல் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்து அவர்கள் பார்த்த பிறகு புதைக்க வேண்டும், கிணற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் தூரத்தில், ஆழமாக.

இவ்வளவுக்கும் பிறகு குளத்தில் எத்தனை அடி என்று இன்னொரு தடவை கேளுங்கள். தை பிறக்கும்வரை மாரி முடியவில்லை, கார்த்திகை வெள்ளம் வற்றியதும் பரணில் இருந்ததை இறக்கிவிட்டால் மார்கழி மழைக்குத் திரும்ப ஏற்ற வேண்டிவரும்.